சீடரா, பைனா, அலுமினியமா?

அன்புள்ள அண்ணா,

தோட்டம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நாங்கள் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் ஆறுக்கு எட்டடியில் மரச்சட்டத்தில் கிரீன்ஹவுஸ், அதாவது செடி வளர்க்கும் கண்ணாடி வீடு ஒன்று வைக்க ஆசை. தக்காளி, மிளகாய், முடிந்தால் கறிவேப்பிலை. சீடர் மரத்தில் செய்ததன் விலை கையைக் கடிக்கிறது. பைன் மலிவு. இந்த ஊர் மழைக்கு எந்த மரமும் மக்கிப்போகும், பேசாமல் அலுமினியத்தில் வாங்குங்கள் என்கிறார் மனைவி. மரம்தான் குளிருக்குக் கதகதப்பு என்கிறார் கடைக்காரர். யார் சொல்வது சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவி சொல்வது பாதி சரி, கடைக்காரர் சொல்வது கால்வாசி.

முதலில் கடைக்காரர். அலுமினியம் அளவுக்கு மரம் வெப்பத்தைக் கடத்தாது, உண்மைதான். சட்டத்தில் நீர் கோத்துச் செடிமேல் சொட்டுவதும் குறைவு. ஆனால் சூடு பெரும்பாலும் வெளியேறுவது கண்ணாடி வழியாக, அது இரண்டிலும் ஒன்றுதானே. ஹீட்டர் செலவு மிச்சமாகும் என்று நம்பி மரம் வாங்காதீர்கள். பார்க்க அழகு, நினைத்த இடத்தில் ஒரு ஸ்க்ரூ போட்டுத் தட்டு மாட்டலாம், தக்காளிக்குக் கயிறு கட்டலாம். அதற்காக வாங்குங்கள்.

இங்கே சீடர் என்று விற்பதில் பெரும்பகுதி வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் செஞ்சீடர். பூஞ்சையைத் தடுக்கும் பொருட்கள் அந்த மரத்திலேயே இருக்கின்றன. எடை குறைவு, ஈரத்தில் அதிகம் உப்பாது. ஒன்றும் பூசாமல் விட்டால் வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு மாறும். அதைப் பார்த்துப் பயந்துபோய் வார்னிஷ் அடிப்பவர்கள் உண்டு. அப்புறம் அது உரிய உரியச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சாதாரண இரும்பு ஆணியை சீடர் அரித்துவிடும், மரத்திலும் கறுப்புக் கோடு இறங்கும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூதான் போட்டிருக்க வேண்டும். கடையில் விலைச்சீட்டைப் பார்க்கும் முன் ஸ்க்ரூவைப் பாருங்கள்.

பைன் என்றால், மக்காமலிருக்க அழுத்தம் கொடுத்து மருந்து ஏற்றிய மரமா, வெறுமனே முக்கி எடுத்ததா என்று கேளுங்கள். முன்னது நன்றாகவே உழைக்கும். ஆனால் மருந்து நடுமரம்வரை போயிருக்காது. பொருத்தும்போது அறுத்த முனை, போட்ட துளை எல்லாவற்றிலும் மறுபடி மருந்து தடவ வேண்டும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மக்கல் அங்கேதான் தொடங்கும்.

இனி உங்கள் மனைவியின் கவலை. நனைந்து நனைந்து காய்கிற மரத்துக்கு மழையால் பெரிய கேடில்லை. காயாமல் ஈரத்திலேயே கிடக்கும் இடம்தான் போகும்: மண்ணைத் தொடும் அடிச்சட்டம், கதவின் கீழ்ப்பகுதி, கூரைநீர் வடியும் பீலி ஒழுகும் மூலை. 1851இல் லண்டனில் எழுந்த கிரிஸ்டல் பேலஸ் என்ற பெரிய கண்ணாடி மாளிகையை எல்லாரும் இரும்புக் கட்டடம் என்பார்கள். அதில் கண்ணாடியைப் பிடித்திருந்த சட்டங்கள் மரம். மழைநீரும் உள்ளே கோக்கும் நீரும் தேங்காமல் ஓடுவதற்காக அதை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன் மரத்திலேயே வாய்க்கால் குடைந்திருந்தார். உங்களுக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். இரண்டு வரிசைச் செங்கல் கட்டி, அதன்மேல் ஈரம் ஏறாத பிளாஸ்டிக் பட்டை விரித்து, அடிச்சட்டத்தை வையுங்கள். கையில் பணம் குறைவென்றால் நான் பைனை வாங்கி, மிச்சத்தை இந்த அடித்தளத்தில் போடுவேன்.

ஜன்னலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது கூரையில் திறக்க வேண்டும் என்பது இங்குள்ள தோட்டக்காரர்கள் கணக்கு. உங்கள் 48 சதுர அடிக்கு ஒன்பது, பத்து சதுர அடி வரும். இரண்டடிக்கு இரண்டடி ஜன்னல் ஒன்று வெறும் நான்கு. கூடுதலாக ஒன்றாவது கேளுங்கள். 27 டிகிரி தாண்டினாலே செடிகள் பாதிக்கப்படத் தொடங்கலாம். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது தானே திறக்கும் கருவி கிடைக்கிறது. உருளைக்குள் இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து ஜன்னலைத் தள்ளும். மின்சாரம் வேண்டாம்.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. இலையுதிர்காலத்தில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடுக்கில் பாசி பிடிக்கும், செடிப்பெயர் எழுதும் பிளாஸ்டிக் சீட்டால் வழித்துவிடலாம். பீலியில் இலை அள்ளுங்கள். அடிச்சட்டத்தை ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள், உள்ளே இறங்கினால் அந்தத் துண்டை மாற்றுங்கள். பைனுக்கு மருந்து பூசுவதானால் காய்ந்த நாளில், செடிகள் வெளியே இருக்கும்போது பூசி, வாடை போகும்வரை கதவைத் திறந்தே வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பழைய கிரியோசோட் (மரத்துக்குப் பூசும் தார் எண்ணெய்) டின் ஒன்றை நீட்டினால் வாங்காதீர்கள். 2003இலிருந்து வீட்டு உபயோகத்துக்கு அது தடை.

வேலியிலிருந்து இரண்டு மீட்டருக்குள் வைப்பதென்றால், இங்கிலாந்தில் 2.5 மீட்டர் உயரத்துக்குள் இருக்கட்டும். மீறினால் கவுன்சிலில் அனுமதி கேட்க வேண்டும்.

கறிவேப்பிலை எந்தச் சட்டத்தில் செய்த கண்ணாடி வீட்டிலும், சூடு வைக்காவிட்டால் லெஸ்டர் குளிர்காலத்தைத் தாண்டாது. தொட்டியிலேயே வையுங்கள். அக்டோபரில் வீட்டுக்குள் வெயில் படும் ஜன்னலுக்குப் போகட்டும், மே கடைசியில் திரும்பலாம். நடுவில் இலை கொட்டினால் தண்ணீரைக் குறையுங்கள், பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்.