1,779 ஆட்டங்கள் போதுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

ஐஸ் ஹாக்கி வீரர் ஜோ தார்ன்டனுக்குத் தகுதி வந்த முதல் ஆண்டே, 2025இல், மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் டொராண்டோ ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுத்துவிட்டார்கள். 1997 டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) அவருக்கு அடுத்ததாகத் தேர்வாகி, சான் ஹோசே அணியில் பல வருஷம் அவரோடு சேர்ந்து ஆடிய பாட்ரிக் மார்லோவை 2024இலும் சேர்க்காமல் விட்டார்கள், 2025இலும் விட்டார்கள். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகான என்.ஹெச்.எல். வரலாற்றிலேயே அதிக ஆட்டங்கள் ஆடியவர் மார்லோதான். 1,779 ஆட்டம், 566 கோல், 1,197 புள்ளி (கோலுக்கும், கோலுக்கு வழிசெய்யும் பாஸான அசிஸ்ட்டுக்கும் தலா ஒரு புள்ளி). லீகின் ஸ்டான்லி கோப்பையை வெல்லவில்லை என்று காரணம் சொன்னால், தார்ன்டனும்தான் வெல்லவில்லை. 23 சீசன் உழைத்தவருக்கு இந்த எண்களே போதாதா?

ச., மார்க்கம்

அன்புள்ள ச.,

மார்லோவை எனக்கும் மிகவும் பிடிக்கும். சஸ்காட்சவானில் அனராய்டு என்கிற குக்கிராமத்துப் பண்ணையில் வளர்ந்து, 18 வயதில் லீகுக்குள் வந்தவர். ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 910 ஆட்டங்கள் ஆடினார். உடம்பு நொறுங்குகிற இந்த விளையாட்டில் அது பெரிய காரியம். இருந்தாலும் என் கையில் ஓட்டு இருந்தால், 1,779 என்ற எண்ணுக்காக அதைப் போட மாட்டேன்.

2021 ஏப்ரல் 19ஆம் தேதி லாஸ் வேகாஸில் அதுவரை சாதனையாக இருந்த கோர்டி ஹோவின் 1,767 ஆட்டங்களை மார்லோ தாண்டினார். ஆட்டம் நின்ற இடைவெளியில் எதிரணிக்காரர்களும் பெஞ்சிலிருந்து இறங்கி வந்து வாழ்த்தினார்கள். அதைப் பார்த்து நெகிழாத ரசிகர் இருக்க முடியாது. ஆனால் அந்த சீசனில் அவர் எடுத்தது 56 ஆட்டத்தில் 4 கோல், 5 அசிஸ்ட். அந்த 56 ஆட்டம் இல்லையென்றால் சாதனை கிடையாது. அதேசமயம் அந்த 56ஐயும் எடுத்துவிட்டுப் பார்த்தால், மார்லோ எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர் என்பதில் இம்மியும் குறையாது. மொத்தக் கணக்கில் எனக்குள்ள சிக்கல் இதுதான்: ஒருவருடைய மிக மங்கலான ஆண்டுகளும் அதில் வரவாகவே ஏறிவிடுகின்றன.

தார்ன்டனோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். 2005-06 சீசனைப் பாருங்கள். நடுவில் பாஸ்டனிலிருந்து சான் ஹோசேக்கு மாற்றப்பட்ட தார்ன்டன் 125 புள்ளி எடுத்து லீகிலேயே முதலிடம் பிடித்தார். மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதும் அவருக்கே போனது. மார்லோவுக்கும் வாழ்நாளிலேயே சிறந்த சீசன் அதுதான், 86 புள்ளி. அருமையான சீசன், ஆனால் ஒரே அணியில் பக்கத்தில் நின்றவர் எட்டிய உயரம் வேறு. தார்ன்டன் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனது 1,714 ஆட்டம் ஆடியதற்காக அல்ல. சில ஆண்டுகளாவது உலகத்திலேயே அவரைப் போல பாஸ் கொடுக்க ஆளில்லை என்ற நிலை இருந்தது.

உள்ளே இருக்கும் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் ஆடியது 708 ஆட்டம். பாவெல் புரே 702, கேம் நீலி 726. மார்லோ ஆடியதில் பாதிகூட இல்லை. இவர்களைச் சேர்த்தது தவறு என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நீண்டகாலம் ஆடுவதே பெருமை இல்லையா என்று கேட்கலாம். மைக் கார்ட்னர் விஷயத்தில் நான் அதை முழுமனதோடு ஒப்புக்கொள்வேன். கோப்பை இல்லை, பெரிய விருதும் இல்லை. ஆனால் 708 கோல். 19 சீசனில் 17 முறை 30 கோலைத் தொட்டவர், அதிலும் முதல் 15 சீசன் தொடர்ச்சியாக. தவறிய இரண்டில் ஒன்று கதவடைப்பால் பாதியாகச் சுருங்கிய சீசன், மற்றது கடைசி சீசன். 1996இல் 36 வயதில் நட்சத்திர வீரர்கள் கூடும் ஆல் ஸ்டார் வேகப்போட்டியில் அவர் ஐஸ் தளத்தை 13.386 விநாடியில் சுற்றிவந்ததை அடுத்த 20 வருஷம் யாராலும் முறியடிக்க முடியவில்லை. அந்த 708இல் ஒவ்வொரு ஆண்டும் தன் பங்கைச் சுமக்கிறது. 2001இல், தகுதி வந்த முதல் ஆண்டே அவரை எடுத்தார்கள்; சரியாகத்தான் செய்தார்கள்.

தேர்வுக் குழுவில் 18 பேர். 14 ஓட்டு வேண்டும். ஆண் ஆட்டக்காரர்களில் ஆண்டுக்கு அதிகபட்சம் நான்கு பேர். ஆட்டத்திறன், விளையாட்டுப் பண்பு, குணம், அணிக்கும் ஆட்டத்துக்கும் செய்த பங்களிப்பு என்றுதான் விதி சொல்கிறது. இத்தனை கோல், இத்தனை ஆட்டம் என்று எந்த வரம்பும் இல்லை. ஆனால் ஏன் எடுத்தார்கள், ஏன் விட்டார்கள் என்று அவர்கள் வெளியே சொல்வதே இல்லை. அந்த மௌனம்தான் நம்மை எண்களிடம் தள்ளுகிறது. 640 கோல் அடித்த டேவ் ஆண்ட்ரேசக் 2017 வரையும், 1,327 புள்ளி எடுத்த பியேர் டர்ஜான் 2023 வரையும் ஏன் காத்திருந்தார்கள் என்று யாரும் விளக்கவில்லை. இந்த விஷயத்தில் உங்கள் கோபம் முழுக்க நியாயம்.

எனக்கு வேறொருவர் விஷயத்தில் மனக்குறை உண்டு. ராட் பிரிண்டமோர் 1,484 ஆட்டத்தில் 1,184 புள்ளி எடுத்தவர். மார்லோவைவிட 295 ஆட்டம் குறைவு, புள்ளியில் 13தான் வித்தியாசம். (பிரிண்டமோர் தொடங்கிய காலத்தில் கோல்கள் அதிகம் விழுந்தன, அதையும் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.) ஆனால் நான் அவரைச் சொல்வது புள்ளிக்காக அல்ல. தடுத்தாடும் முன்கள வீரருக்கான செல்கி விருதை 2006, 2007 என இரண்டு முறை வாங்கியவர். அணியில் ஓர் ஆள் குறைந்து தன் கோலுக்குப் பக்கத்திலேயே ஃபேஸ் ஆஃப் (நடுவர் பக் என்ற ரப்பர் வட்டை இருவருக்கு நடுவில் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) வரும்போது, அவருடைய கரோலினா அணியின் கோச் அனுப்பும் முதல் ஆள் அவர்தான். குனிந்து, மட்டையின் அடிப்பக்கம் வரை கையை இறக்கி, பக் விழுந்த கணத்தில் பின்னால் இழுத்துவிடுவார். எதிரணி ஓர் ஆள் கூடுதலாக ஆடும் பவர் பிளேயில் பத்துப் பதினைந்து விநாடி அப்படியே போய்விடும். எந்த மொத்தக் கணக்கிலும் அது ஏறாது. 2006இல் அணித்தலைவராகக் கோப்பையைத் தூக்கினார். 2025 ஹால் ஆஃப் ஃபேம் பட்டியல்வரை அவர் பெயர் இல்லை.

மார்லோவுக்கு வருகிறேன். நீங்கள் சொல்லாமல் விட்ட ஓர் எண் இருக்கிறது. கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளில் 195 ஆட்டம், 72 கோல். ஆட்டம் இறுகும் காலத்தில், எதிரணி மூச்சுவிட இடம் தராத மாதங்களில் அடித்தவை அவை. அடுத்த முறை அவருக்காக வாதாடும்போது 1,779ஐ விட்டுவிட்டு அந்த 72ஐ முன்னால் வையுங்கள். அதற்குப் பதில் சொல்வது எனக்கு இவ்வளவு சுலபமாக இருக்காது.