ஆயாவின் படுக்கையை யார் மாற்றுவது?

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து வாழும் கத்தோலிக்கத் துறவுக் குழுமம் ஒன்றில் ஜனவரியில் சேரப் போகிறாளாம். ஒரே வளாகம், ஒரே சாப்பாட்டு மேசை. ஊர் என்ன பேசும்? அண்ணன்கள் இருவரும் கொதிக்கிறார்கள். என் கணவர் வாயே திறப்பதில்லை. படுக்கையில் கிடக்கும் என் மாமியாருக்கு, பிள்ளைகளின் ஆயாவுக்கு, உடம்பு துடைத்து, விரிப்பு மாற்றிவிட்டுத்தான் அவள் தினமும் வேலைக்குப் போவாள். பையன்களுக்கு அதெல்லாம் பழக்கமில்லை. அவளை எப்படித் தடுப்பது? (சுருக்கப்பட்டது)
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் அங்கிருக்கும் ஆண்களைப் பற்றி. மாமியாரைப் பற்றி இரண்டே வரி. எனக்கு அந்த இரண்டு வரிதான் கடிதம்.

ஊர்ப்பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். பிரான்சில் 1101-இல் தொடங்கிய ஃபோன்டெவ்ரோ மடத்தில் ஆண் துறவிகளையும் கன்னியரையும் சேர்த்து ஆண்டது ஒரு மடத்தலைவி. அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் டர்பனை ஒட்டிய பைன்டவுன் பக்கம் இருக்கிறது மரியன்ஹில். 1882-இல் அங்கே ஆண்களுக்கு மடம் கட்டிய ஃபிரான்ஸ் ஃபன்னர், 1885-இல் அதே மண்ணில் கன்னியர் சபையையும் தொடங்கினார். நம் பாட்டன்மார் கரும்புத் தோட்டத்தில் இருந்த காலம் அது.

குழுமத்தாரிடம் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஆயரின் (பிஷப்பின்) ஒப்புதல் உண்டா? பெண்கள் தங்கும் பகுதி தனியாக இருக்கிறதா? நித்திய வார்த்தைப்பாட்டுக்கு, அதாவது ஆயுளுக்கும் துறவு என்று வாக்குக் கொடுப்பதற்கு, முன் எத்தனை ஆண்டு? துறவு சபை என்றால் நவதுறவு என்னும் தொடக்கப் பயிற்சி மட்டுமே குறைந்தது 12 மாதம், அதன்பின் தற்காலிக வார்த்தைப்பாடு குறைந்தது 3 ஆண்டு. இன்னொன்றையும் கேளுங்கள்: அங்கே சமையலும் துணி துவைப்பதும் யார் வேலை? பெண்கள் வேலை என்று பதில் வந்தால் நானே உங்கள் மகளிடம் வேண்டாம் என்று சொல்வேன். உங்கள் வீட்டிலிருந்து கிளம்பி இன்னொரு உங்கள் வீட்டுக்கு எதற்குப் போக வேண்டும்?

கோபம் வருகிறதா? வரட்டும். பெற்றவளைப் பார்ப்பது பிள்ளையின் கடமை என்பதில் எனக்குக் கொஞ்சமும் விட்டுக்கொடுத்தல் கிடையாது. அந்தக் கிழவி பெற்ற பிள்ளை உங்கள் கணவர். அவர் வாய் திறக்காவிட்டால் போகிறது, கை இருக்கிறது அல்லவா? தங்கையின் மானத்துக்காகக் கொதிக்கும் அண்ணன்களுக்கு, ஆயாவை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் புரட்டிப் படுக்க வைக்கத் தெரியுமா? தெரியாது. பழக்கமில்லை. பழக்காதது யார்?

ஆண் பிள்ளைகள் துடைத்துவிட்டால் ஆயாவுக்குக் கூச்சமாக இருக்கும் என்பீர்கள். சரி, துடைப்பதை நீங்கள் செய்யுங்கள், இல்லையென்றால் உங்கள் கணவர் சம்பளம் கொடுத்து ஓர் அம்மாவை வைக்கட்டும். தூக்கிப் பிடிப்பது, கஞ்சி ஊட்டுவது, நனைந்த விரிப்பை அலசுவது, ராத்திரி கண்விழிப்பது, இதிலெல்லாம் என்ன கூச்சம்?

ஜனவரி வரை மகள் வீட்டில்தானே இருக்கிறாள். நாளைக் காலை ஐந்து மணிக்குப் பெரியவனை எழுப்பி அவள் பக்கத்தில் நிறுத்துங்கள். முதுகில் புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று அவள் காட்டுவாள்.