ஹாஸ்டல் அறையிலேயே குடிக்கும் ரூம்மேட்: வெளியே சொன்னால் துரோகமா?

தம்பி, ரூம்மேட் வாரத்தில் நாலு நாள் அறையிலேயே குடிக்கிறான், வெளியே சொன்னால் நண்பனுக்குத் துரோகம் செய்ததாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். தஞ்சாவூர் பக்கம் ஒரு கல்லூரி, 2013-ஆம் வருடம்.

என்னோடு இருந்தவன் நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமத்துப் பையன், விவசாயக் குடும்பம். 2012-இல் மேட்டூர் அணையைச் செப்டம்பர் 17-ஆம் தேதிதான் திறந்தார்கள். அவன் வீட்டில் குறுவை போடவில்லை, சம்பாவும் தண்ணீர் இல்லாமல் காய்ந்துவிட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவன் பையில் பாட்டில் இருந்தது. காரைக்கால் சரக்கு, அங்கே விலை குறைவு. அப்பா வட்டிக்கு வாங்கிய கதையெல்லாம் குடித்த பிறகுதான் அவன் வாயிலிருந்து வரும். கேட்டுக்கேட்டு எனக்கு அவனைத் தடுக்க மனசே வரவில்லை.

நான் செய்த தப்பு அங்கேதான். வாந்தியைக் கழுவிவிட்டேன். வகுப்பில் அவனுக்குக் காய்ச்சல் என்றேன். ராத்திரி அவன் அம்மா போன் செய்து, "தம்பி, அவன் சாப்பிட்டானாப்பா?" என்று கேட்டால், "சாப்பிட்டுத் தூங்கிட்டாம்மா" என்பேன். மூன்று மாதம் இப்படியே போனது.

ஏப்ரலில் ஒரு ராத்திரி மல்லாந்து கிடந்தான். உலுக்கினாலும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வந்தது. விடிந்தால் தெளிந்துவிடும் என்று நான் விளக்கை அணைக்கப் போனேன். பக்கத்து அறை சீனியர் அண்ணன்தான் அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட்டார். மல்லாந்து கிடப்பவன் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் போய் அடைத்து உயிரே போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. காபி கொடுப்பதும் தலையில் தண்ணீர் ஊற்றுவதும் போதையை இறக்காது, ஈரல் தன் வேகத்தில்தான் அதைக் கரைக்கும். எழுப்பியும் எழாதவனைத் தனியாக விடாதீர்கள். பெயர் கெட்டுப்போகுமே என்று யோசிக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

அவன் தேறி வந்து இரண்டு நாள் கழித்து, காலையில் புதாற்றங்கரைக்குக் கூட்டிப் போனேன். அதுவரை நான் பேசியதெல்லாம் ராத்திரிச் சண்டை, மறுநாள் அவனுக்கு ஒன்றும் நினைவிருக்காது. "டேய், ரூமுக்கு இனிமே பாட்டில் வரக் கூடாது. உங்கம்மாகிட்ட இனிமே பொய் சொல்ல மாட்டேன். டாக்டர்கிட்ட வா, நானும் வர்றேன். மறுபடி பார்த்தா டியூட்டர்கிட்ட சொல்வேன், உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்றேன். பதில் பேசாமல் எழுந்து போய்விட்டான்.

பத்து நாளில் மறுபடி பாட்டில் வந்தது. அவனிடம் சொல்லிவிட்டு டியூட்டரிடம் போனேன். வார்டனிடம் போனால் முதலில் எழுத்தில் புகார், அப்புறம் நடவடிக்கை என்று போகும் என நினைத்தேன். உங்கள் வார்டன் பையன்களைப் புரிந்தவர் என்றால் நேராக அவரிடமே போகலாம். எப்படியானாலும் சும்மா இருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கவே கூடாது. அறையில் பாட்டில் சிக்கினால் அது யார் கட்டிலுக்கு அடியில் இருந்தது என்று யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

டியூட்டர் அவனைத் திட்டவில்லை. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு எங்கள் இருவரையும் அனுப்பினார். காலையில் கை நடுங்குகிறது என்று அவன் டாக்டரிடம் சொன்னது எனக்கே புதிது. தினமும் குடித்துப் பழகியவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், மருந்தோடுதான் நிறுத்த வேண்டும் என்றார் டாக்டர். கோபத்தில் ஒருமுறை அவன் பாட்டிலைச் சாக்கடையில் கொட்டியிருந்தேன், அது எவ்வளவு ஆபத்தென்று அன்றுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்து நீங்களாவது பேசுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

நடுவில் ஒருமுறை மறுபடி குடித்தான், அந்த செமஸ்டரில் மூன்று அரியர் விழுந்தது. ஆனால் வீட்டில் அவனே சொன்னான். அன்று ராத்திரி அவன் அம்மா எனக்குப் போன் செய்தார். "முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேப்பா" என்றார், வேறு எதுவும் கேட்கவில்லை.

இன்று ராத்திரி அவனோடு சண்டை போடாதீர்கள் தம்பி. நாளைக் காலை டீ குடிக்கக் கூட்டிப் போய்ப் பேசுங்கள்.