தேனீயை இயற்பியல் கைவிடவில்லை: சிறகடிக்கும் விமானங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

"நான் செய்த ஆர்னிதாப்டர் (சிறகடிக்கும் விமானம்) பறக்கவே மாட்டேன் என்கிறது. என்ன காரணம்?" (செராஸ்)

எடை எவ்வளவு? இறக்கை எவ்வளவு நீளம்? மோட்டாரா, ரப்பரா? நொடிக்கு எத்தனை முறை சிறகடிக்கும்? ஒன்றையுமே எழுதவில்லை. ஒரு படமாவது வைத்திருக்கலாம். முதலில் எடை போடுங்கள், பிறகு எழுதுங்கள்.

"ரப்பர் முறுக்கில் ஓடும் மாதிரி, 12 கிராம், இறக்கை 40 செ.மீ. கையை விட்டதும் மூக்கால் தரையில் குத்துகிறது." (படிவம் நான்கு மாணவர், பட்டர்வொர்த்)

அளவுகளோடு எழுதியதற்கு நன்றி, தம்பி. முன்பக்கம் கனமாக இருக்கிறது. ரப்பரை முறுக்காமல் மெதுவாக வீசி, சும்மா சறுக்க விட்டுப் பாருங்கள். அப்போதும் குத்தினால் வாலின் பின்விளிம்பைக் கொஞ்சம் மேலே மடக்குங்கள். இரண்டு இறக்கையையும் தனித்தனியாக எடை போடுங்கள். ஒரு பக்கம் பசை கூடியிருந்தாலும் சாயும்.

"இயற்பியல் விதிப்படி தேனீயால் பறக்கவே முடியாது, ஆனாலும் அது பறக்கிறது என்று தன்முனைப்பு முகாமில் சொன்னார்கள். மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?" (ஆசிரியை, நிபோங் திபால்)

டீச்சர், அது தவறு என்று விளக்குங்கள். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் இதை எனக்கு எழுதுகிறார். பேச்சாளர்களும் விடுவதாக இல்லை.

1934இல் பிரெஞ்சு விலங்கியலாளர் அந்துவான் மன்யான் பூச்சிகளின் பறத்தலைப் பற்றிய தம் நூலில் இப்படி ஒரு கணக்கைக் குறிப்பிட்டார். விமான இறக்கைக்குரிய சூத்திரத்தைப் பூச்சிக்குப் போட்ட கணக்கு அது. விமான இறக்கை அசையாமல் நிற்கும், காற்று சீராக அதன்மேல் ஓடும். பூச்சியின் இறக்கை முன்னும் பின்னும் வீசி, ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் புரள்கிறது. சூத்திரம் பொருந்தவில்லை என்பதுதான் அந்தக் கணக்கு சொன்ன சேதி.

பூச்சி தன் இறக்கையை வைக்கும் அளவுக்குச் செங்குத்தாக விமான இறக்கையைச் சாய்த்தால், காற்று பிரிந்து தூக்குவிசை போய்விடும். பூச்சியிலோ, இறக்கையின் முன்விளிம்பில் ஒரு காற்றுச்சுழல் உருவாகி மேற்பரப்பிலேயே ஒட்டி நிற்கிறது. அங்கே அழுத்தம் குறைவதால் தூக்குவிசை கூடுகிறது. சுழல் கழன்று போவதற்குள் வீச்சு முடிந்து, இறக்கை மறுபக்கம் புரண்டுவிடும். 1996இல் கேம்பிரிட்ஜில் ஆய்வாளர் எலிங்டன் குழுவினர் அந்துப்பூச்சியையும் அதன் பெரிய இயந்திர மாதிரியையும் வைத்துப் புகைவிட்டு இதைக் கண்ணால் பார்த்தார்கள். 1999இல் ஆய்வாளர் டிக்கின்சனின் குழு, பழ ஈயின் இறக்கையை ஏறக்குறைய 100 மடங்கு பெரிதாகச் செய்து எண்ணெய்த் தொட்டிக்குள் மெதுவாக அசைத்து விசையை அளந்தது. தேனீக்கான அளவீடும் 2005இல் வந்துவிட்டது: சுமார் 90 பாகை மட்டுமே வீச்சு, நொடிக்கு 230 சிறகடிப்பு.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், அறிவியல் தோற்றுப்போன இடம் தேனீ என்று நம்பும் பிள்ளை, அது எப்படிப் பறக்கிறது என்று கேட்காமலே போய்விடும். நம் தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் விழாக்களில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. அவர்களிடம் போய் "முடியாது, ஆனால் நடக்கிறது" என்று சொல்வது அநியாயம்.

"ஆள் ஏறிப் பறக்கிற அளவுக்குத் தும்பி விமானம் கட்ட முடியுமா?" (செந்தூல்)

தும்பியைப் பெரிதாக்கினால் வேலைக்காகாது. நீளம் இரு மடங்கானால் இறக்கைப் பரப்பு நான்கு மடங்கு, எடையோ எட்டு மடங்கு. 2010இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தினர் ஆள் மிதித்து ஓட்டும் சிறகடிக்கும் விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார்கள்: இறக்கை 32 மீட்டர், விமான எடை நாற்பத்துச் சொச்சம் கிலோ, பறந்தது சுமார் 20 நொடி. அது பறவை வழி, பூச்சி வழி அல்ல.

"ரோபோ தேனீ வந்தால் டுரியான் விளைச்சல் கூடுமா?" (பாலிக் பூலாவ்)

டுரியான் மரத்தடியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? இரவில் உங்கள் பூக்களுக்கு மகரந்தம் கொண்டுவருவதில் பெரும்பங்கு வௌவாலுக்கு. அதை விரட்டாமல் இருந்தாலே போதும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ரோபோபீ என்ற ரோபோ தேனீ 2013இல் பறந்தபோது 80 மில்லிகிராம்தான். மின்சாரம் கம்பி வழியே வந்தது. 2019இல் கம்பியில்லாமல் எழும்பியது, அதுவும் வெயிலைப்போல் மூன்று மடங்கு வெளிச்சத்தில், ஒரு நொடிக்கும் குறைவாக. நம் செம்பனைக்கு 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். மகரந்த வேலையை இன்றுவரை அதுதான் பார்க்கிறது.

"இரண்டு இறக்கையா, நான்கா? எது நல்லது?" (ஜெலுத்தோங்)

முதல் முயற்சிக்கு நான்கு, X வடிவில் குறுக்காக வைத்து. இரு ஜோடிகளும் எதிரெதிரே அடிப்பதால் உடல் குலுங்குவது குறையும். இறக்கைகள் கைதட்டுவதுபோல் ஒட்டிப் பிரியும்போது கூடுதல் தூக்குவிசையும் கிடைக்கும்; 1973இல் விலங்கியலாளர் வைஸ்-ஃபோ ஒரு மிகச் சிறிய குளவியிடம் கண்டு சொன்னது இது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகக் குழு 2018இல் காட்டிய டெல்ஃபிளை நிம்பிள் என்ற ரோபோ இந்த வகைதான்: 29 கிராம், நொடிக்கு 17 சிறகடிப்பு, வால் கிடையாது, அந்தரத்தில் ஐந்து நிமிடம் நிற்கும். மோட்டார் வாங்க ஜாலான் பாசாருக்குப் போனால் தராசையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் சொல்லும் எடையை நம்பாதீர்கள்.

"பேட்டரியை ராத்திரி முழுக்க சார்ஜில் விடலாமா?" (பிரிக்பீல்ட்ஸ்)

கூடாது. லித்தியம் பாலிமர் செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள், 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்காதீர்கள். உப்பியிருந்தால் மறுபடி சார்ஜ் போடவே வேண்டாம்.