இரவுப் பாலுக்குப் பனங்கட்டி எப்ப போடுறது? கேள்வி பதில்

களுவாஞ்சிக்குடி: அக்கா, மூணு வயசு மகளுக்கு இரவில பனங்கட்டிப் பால் குடுக்கிறன். ரெண்டு நாளைக்கு ஒருக்கா திரைஞ்சு போகுது. பால் பழுதா?

பால் பழுதில்ல தங்கச்சி, கொதிக்கிற பாலுக்குள்ள பனங்கட்டி போடுறதுதான் பிழை. அதுல இருக்கிற புளிப்பு, சூடு கூடக்கூட பாலைத் திரைக்கும். எல்லாக் கட்டியும் ஒரே அளவு புளிப்பில்ல, அதனாலதான் ஒரு நாள் திரையுது, ஒரு நாள் திரையல்ல.

150 மில்லி பசும்பாலுக்குள்ள அரை ஏலக்காய் தட்டிப் போட்டுக் காய்ச்சுங்க. பொங்கி எழும்பினதும் நெருப்பைக் குறைச்சு 2 நிமிசம் விட்டு இறக்குங்க. 1 தேக்கரண்டி பனங்கட்டித் தூளை 2 மேசைக்கரண்டி தண்ணியில கொதிக்க வெச்சு வடியுங்க. வடியில நிக்கிற மண்ணைப் பார்த்தா இனி நேரா போட மனம் வராது. பால் விரல் பொறுக்கிற சூட்டுக்கு வந்த பிறகு பாகை ஊத்துங்க. குடுக்க முதல் மணிக்கட்டு உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்க.

அக்கரைப்பற்று: நாலு வயசு மகனுக்குப் பால்மாதான். கட்டிபட்டா துப்பிடுறான்.

கொதிதண்ணி பட்டதும் மாவின் வெளிப்பக்கம் பசையாகும், உள்ளுக்குத் தண்ணி இறங்காது. 20 கிராம் மாவை 2 மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணியில முதல்ல குழைங்க. கொதிச்சு ஆறின தண்ணியை, மொத்தம் 150 மில்லி வரும்வரை, கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க.

வாகரை: எங்களுக்கு எருமைப்பால்தான். ரெண்டு வயசுக்குக் குடுக்கலாமா?

குடுக்கலாம். பசும்பாலை விடக் கொழுப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு, அதால வயிறு பாரமாகி பிள்ளை புரளும். காய்ச்சி ஆறவெச்சு ஆடையை எடுங்க. பிறகு 100 மில்லி பாலுக்கு 50 மில்லி தண்ணி சேர்த்து ஒருக்கா சூடாக்குங்க.

கல்முனை: நித்திரைக்குச் சாதிக்காய் உரைச்சுக் குடுக்கச் சொல்றாங்களே?

வேணாம். கல்லுல உரைக்கையில எவ்வளவு இறங்குதெண்டு அளக்க ஏலாது. கூடினா வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, பிதற்றல் வரும். மணத்துக்கு ஏலக்காய் போதும்.

ஏறாவூர்: ஒன்பது மாசப் பிள்ளை. மாமி பாலுக்குள்ள தேன் விடச் சொல்றா.

ஒரு வயசு வரை தேன் ஒரு சொட்டும் வேணாம். பொட்டுலிசம் எண்ட, நரம்பைத் தாக்கிற நச்சு நோயை உண்டாக்கிற கிருமியின் வித்து அதுல இருக்கலாம், வீட்டில கொதிக்க வெச்சாலும் அது சாகாது. இந்த வயசுக்குச் சாப்பாட்டோட, பாலெண்டா தாய்ப்பாலே போதும். பசும்பாலைக் குடிபானமாக் குடுக்கிறதும் ஒரு வயசுக்குப் பிறகுதான்.

திருக்கோவில்: மகள் போத்தலோடயே நித்திரையாகிறா.

அப்படி விட்டா முன்பல் கறுக்கும். படுக்க ஒரு மணித்தியாலம் முதல் கோப்பையில குடுத்து, பல் தீட்டி விடுங்க. பிறகு கேட்டா வெறும் தண்ணி.