கால்குலேட்டர் இல்லாத மூன்று மணி நேரம்

கேள்வி: மகள் 12ஆம் வகுப்பு. பள்ளிக் கணக்கில் 80 வாங்குகிறாள். பல்கலைக்கழகத்துக்கான என்.பி.டி. (National Benchmark Test, தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான தேர்வு) மாதிரித் தாளில் பாதிகூட முடிக்கவில்லை. டியூஷனைக் கூட்டலாமா?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வேண்டாம். அந்தத் தேர்வில் கால்குலேட்டருக்கு அனுமதியில்லை. பள்ளியில் அதையே நம்பிய கை திணறத்தான் செய்யும். தினமும் 20 நிமிடம் மனக்கணக்கு போடட்டும். 640இல் 17.5 விழுக்காடு எவ்வளவு? பத்து விழுக்காடு 64, ஐந்து விழுக்காடு அதில் பாதி 32, இரண்டரை விழுக்காடு 16, ஆக 112. பேனாவே வேண்டாம்.

தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் காரணத்தை நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள்: பாடம் தெரியவில்லையா, கவனப்பிசகா, நேரம் போதவில்லையா. பெரும்பாலும் 'அல்லாதது எது' என்பதில் 'அல்லாதது' கண்ணில் படாமல் போயிருக்கும்! முழு மூன்று மணி நேரத் தாள் வாரம் ஒன்று போதும். திருத்தாமல் அடுத்ததைத் தொடக்கூடாது.