புதியது ஏறினால் பழையதும் ஏறுமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன: இறக்குமதி வரி வந்தால் பழைய கேமராவின் விலை என்ன ஆகும்? ஆகவே அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவை விற்றுவிட்டு அதன் அடுத்த மாடலை வாங்கலாம் என்றிருந்தேன். அதற்குள் வரி வந்து புதியதன் விலை ஏறிவிட்டது. "அவசரப்படாதே, உன்னுடையதும் ஏறும், அப்போது விற்றால் லாபம்" என்கிறார் நண்பர். காத்திருக்கலாமா?

பதில்: நண்பர் சொல்வதில் பாதி உண்மை. விலை ஏறும், லாபம்தான் வராது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையில் புதிய கேமராவின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி இந்த நூறின் மேல் விழுவதில்லை. பொருள் நாட்டுக்குள் நுழையும்போது இறக்குமதியாளர் அதற்குக் கொடுத்த விலையின் மேல்தான் விழுகிறது. அது 65 என்றால், 15 சதவீத வரி ஏறக்குறைய 10. அதை அப்படியே வாங்குபவர் தலையில் கட்டினால் புதியது 110 ஆகும். நிறுவனம் ஒரு பங்கைத் தானே சுமந்தால் 105-இல் நின்றுவிடலாம். செய்தியில் "15 சதவீதம்" என்று படித்த மறுநாளே தம் பழைய கேமராவுக்கும் 15 சதவீதம் கூட்டி விளம்பரம் கொடுக்கிறவர்கள் மாதக்கணக்கில் விற்காமல் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

உங்கள் கேமரா முன்பு 60-க்குப் போயிருக்கும் என்று கொள்வோம். புதியதன் விலையைப் பார்த்து மலைத்தவர்கள் பழையதைத் தேடி வருவார்கள். புதியதுக்கு மாற நினைத்தவர்கள் மாறாமல் இருந்துவிடுவதால், சந்தைக்கு வரும் பழைய கேமராக்களும் குறையும். இரண்டும் சேர்ந்து உங்களுடையதை 66 வரை தூக்கலாம். ஆறு மிச்சம் என்று தோன்றும். ஆனால் நீங்கள் விற்றுவிட்டுச் சும்மா இருக்கப்போவதில்லையே! 110 கொடுத்து அடுத்ததை வாங்கப்போகிறீர்கள். முன்பு கையிலிருந்து போட வேண்டியது 40, இப்போது 44. உங்கள் பழையது விலை ஏறிய பிறகும் உங்களுக்கு நான்கு நட்டம்.

காத்திருக்கும் நாட்களில் கேமராவுக்கு வயதும் ஏறுகிறது. ஷட்டர் எண்ணிக்கை, அதாவது இதுவரை எடுத்த படங்களின் கணக்கு, கூடும். அதைவிட மோசமாக, நிறுவனம் இன்னொரு புது மாடலை அறிவித்துவிட்டால், வரி தூக்கிக்கொடுத்த ஆறும் ஒரே வாரத்தில் போய்விடும். மாறுவது என்று முடிவாகிவிட்டால் இப்போதே மாறிவிடுங்கள். வரியால் உண்மையிலேயே பயன் பெறுகிறவர் திரும்ப வாங்காதவர்தான்: படமெடுப்பதை விட்டுவிட்டவர், இரண்டு பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்) வைத்திருந்து ஒன்றைக் கொடுத்துவிடுகிறவர். அலமாரியில் அப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தால் அதை எழுப்ப இது நல்ல நேரம்.

கேள்வி: 2025-இல் அமெரிக்கா ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விகிதம் வைத்தது. நான் அங்கே வசிக்கிறேன். என்னிடம் இருப்பது ஜப்பானிய நிறுவனத்தின் கேமரா. ஜப்பானுக்கு உரிய விகிதப்படிதான் இதன் மறுவிற்பனை விலை மாறுமா?

பதில்: முதலில் கேமராவைக் கவிழ்த்து அடித்தகட்டைப் பாருங்கள். பெயர் ஜப்பானியப் பெயராக இருக்கலாம். அங்கே பொடி எழுத்தில் "தாய்லாந்தில் தயாரிக்கப்பட்டது" என்று இருக்கலாம். நிக்கானின் மிரர்லெஸ் கேமராக்கள் பெரும்பாலும் தாய்லாந்தில் உருவாகின்றன. ஃபுஜிஃபில்மின் எக்ஸ்100 VI வெளிவந்தபோது சீனாவில் உருவானது. சுங்கத்துறை பார்ப்பது நிறுவனம் எந்த நாட்டுடையது என்பதை அல்ல, பொருள் எங்கே உருவானது என்பதை. 2025 ஏப்ரலில் அமெரிக்கா ஜப்பானுக்கு 24, தாய்லாந்துக்கு 36 சதவீதம் என்று அறிவித்து, ஒரு வாரத்திலேயே இரண்டையும் 10-க்கு இறக்கி, ஆகஸ்டில் 15, 19 என்று மாற்றியது. நான்கு மாதங்களில் மூன்று விகிதங்கள். இதை வைத்துக்கொண்டு யார்தான் விலைப்பட்டியல் அச்சடிப்பது?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் கேமரா கைமாறும்போது அதற்கு மறுபடி இறக்குமதி வரி கிடையாது. அதனால் அடித்தகட்டில் எழுதியிருப்பது உங்கள் கேமராவின் விலையை நேராகத் தொடுவதில்லை. அதே மாடல் அல்லது அதற்கு அடுத்த மாடல் புதிதாக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதன் வழியாகத்தான் தொடும். நிறுவனங்களும் தொழிற்சாலை வாரியாகப் பிரித்து விலை ஏற்றும் என்று எதிர்பார்க்காதீர்கள். நன்றாக ஓடும் மாடலில் அதிகமாக ஏற்றித் தேங்கிக்கிடக்கும் மாடலில் ஏற்றாமல் விடுவது வியாபாரத்தில் வழக்கம்தான். எனவே விகிதத்தைப் பார்க்காதீர்கள், கடை விலையைப் பாருங்கள்.

இன்னொன்று. நிக்கான் அந்த ஆண்டு ஜூன் 23 முதல் அமெரிக்காவில் விலை மாறும் என்று, வரியைக் காரணம் காட்டி, முன்கூட்டியே அறிவித்தது. இப்படித் தேதி தெரிந்துவிட்டால் பலர் அதற்கு முன் புதியதை வாங்க ஓடுவார்கள். அவர்களுடைய பழைய கேமராக்கள் அடுத்த சில வாரங்களில் ஒரே நேரத்தில் விற்பனைக்கு வரும். அந்தக் கூட்டத்தில் உங்களுடையதையும் நிறுத்தாதீர்கள். முந்திக்கொள்ளுங்கள், அல்லது கூட்டம் கலையட்டும்.

கேள்வி: ஜப்பானில் இருக்கும் விற்பனையாளரிடமிருந்து பழைய லென்ஸ் ஒன்றை ஏலத்தில் எடுக்க நினைக்கிறேன். ஐம்பது ஆண்டுப் பழைய பொருளுக்கெல்லாம் வரி இருக்காது என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

பதில்: இல்லை. பழையது என்பதற்காகச் சுங்கம் கண்ணை மூடிக்கொள்வதில்லை. அனுப்பும் நாட்டை மாற்றியும் தப்ப முடியாது. ஜப்பானில் செய்த லென்ஸ் ஜெர்மனியிலிருந்து வந்தாலும் அது ஜப்பானியப் பொருள்தான். உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் சுங்க வகைப்பாட்டில் நூறு வயதைத் தாண்டிய தொல்பொருளுக்குத் தனி இடம் உண்டு. பல நாடுகள் அதற்கு வரி போடுவதில்லை. லைக்கா தன் முதல் 35 மில்லிமீட்டர் கேமராவை லைப்சிக் கண்காட்சியில் வைத்தது 1925-இல். அந்த முதல் வரிசைக் கேமரா ஒன்று உங்களிடம் இருந்தால் நீங்கள் எனக்குக் கேள்வி எழுதிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

பழைய பொருள் சந்தையை வரி நேராக அடிக்கும் இடம் இதுதான். உள்ளூரில் கைமாறும் பழைய கேமராவுக்கு வரி புதியதன் விலை வழியாகச் சுற்றி வளைத்து வருகிறது. கடல் கடந்து வரும் பழைய லென்ஸில் நேரே வந்து இறங்குகிறது. சிறு பொட்டலங்களுக்கு இருந்த விலக்கு போனால் இன்னும் மோசம். அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்கு வரியில்லாமல் இருந்தது. 2025 ஆகஸ்ட் 29-இல் அந்தச் சலுகை எல்லா நாட்டுப் பொருள்களுக்கும் நிறுத்தப்பட்டது. புதிய முறைக்கு எப்படி வரி வசூலிப்பது என்று புரியாமல் ஜப்பான் உட்படப் பல நாடுகளின் அஞ்சல் துறைகள் அமெரிக்காவுக்குப் பொட்டலம் எடுப்பதையே சில காலம் நிறுத்தின. இப்படி வரத்து அடைபட்டால், உள்ளூரில் ஏற்கெனவே கிடக்கும் அதே லென்ஸ்களுக்குக் கிராக்கி வரும். கையால் திருப்பிக் குவியம் வைக்கும் பழைய லென்ஸ்களை வைத்திருப்பவர்களுக்கு வரி உண்மையிலேயே கைகொடுப்பது இங்கேதான்.

வாங்குகிற உங்களுக்கு ஒரே கணக்கு: வீட்டு வாசலில் வந்து சேரும் விலை. ஏல விலை, அனுப்பும் செலவு, இறக்குமதி வரி, அதற்கு மேல் உள்நாட்டு விற்பனை வரி, கூரியர் நிறுவனம் சுங்கத்தில் எடுத்துக்கொடுப்பதற்கு வாங்கும் கட்டணம். கடைசியில் சொன்னதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நான் ஒரு முறை வாங்கிய சின்ன 35 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அந்தக் கட்டணம் வரியைவிட அதிகமாக இருந்தது. மலிவு லென்ஸ் வாங்கினால் இப்படித்தான் ஆகும். விற்பனையாளர் "விலையைக் குறைத்து எழுதுகிறேன், பரிசு என்று போடுகிறேன்" என்றால் சம்மதிக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். வழியில் லென்ஸ் உடைந்தாலும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும்.

லென்ஸ் வந்ததும் இருட்டறைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு மூடிகளையும் கழற்றி, ஒளி நுழையும் துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சி முன்பக்கம் வழியாகப் பாருங்கள். ஓரத்திலிருந்து சிலந்தி நூல் போலக் கிளைத்து வருவது பூஞ்சை. பால் ஆடை போல மொத்தமாகப் படர்ந்திருப்பது மங்கல். கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போயிருந்தால் விளிம்பில் வானவில் வண்ணம் தெரியும். துளையின் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். நாலைந்து தூசிகளுக்குப் பயப்படாதீர்கள். மற்ற குறை எதுவாக இருந்தாலும் திருப்பி அனுப்புவதற்கு முன் யோசியுங்கள்: விற்றவர் பணத்தைத் தந்தாலும் சுங்கத்தில் கட்டியது தானாகத் திரும்பாது, அதற்குத் தனி விண்ணப்பம் போட வேண்டியிருக்கும். ஆகவே பணம் கட்டும் முன்பே இந்த டார்ச் படங்களைக் கேட்டு வாங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

கேள்வி: என்னிடம் டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகைக் கேமரா) லென்ஸ்கள் ஏழு இருக்கின்றன. வரி புண்ணியத்தில் இவற்றுக்கும் விலை வருமா?

பதில்: பெரிதாக வராது. கேனானும் நிக்கானும் 2018-இலேயே மிரர்லெஸ்ஸுக்கெனப் புது மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) கொண்டுவந்துவிட்டன. அன்றிலிருந்து டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ்களை விற்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள், வாங்குபவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உள்ளூரிலேயே குவிந்து கிடக்கும் பொருளை வரி என்ன செய்யும்? அடாப்டர் என்னும் இணைப்பு வளையம் போட்டுப் புதிய கேமராவில் பயன்படுத்தத் தகுந்த ஒன்றிரண்டு உயர்தர லென்ஸ்களை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கடையில் பழையதைக் கொடுத்துப் புதியதை எடுக்கப் போனேன். புதியதற்கு வரி சேர்த்த விலை சொல்கிறார்கள்; என்னுடையதற்கு மட்டும் பழைய விலை. இது அநியாயம் இல்லையா?

பதில்: எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் கடைக்காரர் இடத்திலிருந்தும் பாருங்கள். உங்கள் கேமராவை அவர் இன்று வாங்கி, துடைத்து, சோதித்து, உத்தரவாதம் கொடுத்து, இரண்டு மாதம் கழித்து விற்பார். அதற்குள் வரி நீங்கிவிட்டால்? புதியதன் விலையை நிறுவனம் மெதுவாகத்தான் இறக்கும், இறக்காமலும் விடலாம். பழையதை வாங்க வருகிறவரோ மறுநாளே குறைத்துக் கேட்பார். அந்த ஆபத்தைத்தான் அவர் உங்கள் விலையில் கழித்துக்கொள்கிறார்.

அவர் கழிப்பது அளவுக்கு மீறிப் போகிறதா என்று பார்க்க, அதே மாடல் உண்மையில் விற்றுப்போன விலைகளைத் தேடுங்கள். கேட்கும் விலையை நம்பாதீர்கள், அது ஆசை. வித்தியாசம் பெரிதாக இருந்தால் தனியாருக்கு நேரே விற்றுவிடுங்கள். வாங்கிய ரசீது, பெட்டி, சார்ஜர், இரண்டாவது பேட்டரி, ஷட்டர் எண்ணிக்கையின் படம் எல்லாம் கையில் இருக்கட்டும். விலை ஏறிய சந்தையில் திருட்டுப் பொருளும் கூடவே வரும் என்பதால் வாங்குபவர்கள் ரசீதும் வரிசை எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

கேள்வி: நான் கல்யாணங்களுக்குப் படமெடுப்பவன். கருவிகளை வாங்கிய விலைக்கே காப்பீடு செய்திருக்கிறேன். மாற்ற வேண்டுமா?

பதில்: உடனே. இன்று திருடுபோனால் நீங்கள் வாங்க வேண்டியது இன்றைய விலையில், வரியும் சேர்த்து. பாலிசியில் இழப்பீடு தேய்மானம் கழித்துத் தருவதா, புதிதாக வாங்கும் விலையைத் தருவதா என்று பாருங்கள். தேய்மானம் கழிப்பதாக இருந்தால், பழைய பொருள் சந்தையில் விலை ஏறியதைக் காட்டித் தொகையை உயர்த்தக் கேளுங்கள். பழுதுபார்க்கும் செலவும் ஏறும், உதிரிபாகங்களும் அதே சுங்கத்தைத் தாண்டித்தானே வருகின்றன.

வெளிநாட்டு வேலைக்குக் கருவிகளைக் கொண்டுபோகிறவராக இருந்தால், புறப்படும் முன்பே ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் சுங்கத்தில் பதிந்து தாளை வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது "இதை அங்கே வாங்கினீர்களா?" என்று கேட்டால் நீட்ட வேண்டியது அந்தத் தாளைத்தான்.